ப்ளீச்சக்காவின் லாவெண்டர்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு ப்ளீச்சக்கா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ரத்தக்கறை படிந்த விரிப்புகளை ஊறப்போடும் தொட்டி இருபத்தாறு வருடமாக அவள் பொறுப்பு. ப்ளீச்சை அளந்து ஊற்றிக் கலக்கி, விரிப்புகளை முக்கி எடுத்து, மெஷினுக்குத் தள்ள வேண்டும். முதல் சில வருடம் கண் எரிந்தது. அப்புறம் தொண்டை கரகரத்தது. அதற்கப்புறம் எதுவுமே செய்யவில்லை. உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பழகவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கரிந்து, வீடே புகை நாற்றமாகி, வாசலில் நின்ற புருஷன் ஓடி வந்தார். இவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் நாலைந்து சின்னப் புட்டிகளை மூக்கருகே நீட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பு போயிடுச்சும்மா, இனிமே வராது" என்றார். வேலைக்கு வந்த இடத்தில் மூக்கைத் தொலைத்தவள் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது, மாலையில் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டா இருக்க முடியும்?

அப்படிப்பட்டவள் லாவெண்டர் வளர்த்தாள் என்பதுதான் வேடிக்கை.

அதற்குக் காரணம் அவளுடைய அப்பா. சாவதற்கு முந்தின வருடம் இருந்த நிலத்தை இரண்டாகப் பிரித்தார். கீழே இருந்த கறுப்பு மண்ணும் போர் மோட்டாரும் தம்பிக்கு. மேலே இருந்த கல் சரிவு இவளுக்கு. "உன் பாகத்துல காத்து நல்லா வரும்மா" என்று சமாதானம் சொன்னார். காற்று வந்தது. வேறொன்றும் வரவில்லை. சுண்ணாம்புக் கல்லும் சரளையுமாகக் கிடந்த அந்த மேட்டில் முள்கூட யோசித்துத்தான் முளைத்தது. தம்பி மேல் அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அம்மா நோயில் கிடந்த காலத்தில் இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி. ஏழு வயது இளையவன். பங்கில் அவனுக்குப் போனதைத் திருப்பிக் கேட்க மனசு வராது.

ஆஸ்பத்திரியின் தனி வார்டு அலமாரிகளில் விரிப்புகளுக்கு இடையே சின்னச் சின்னத் துணிப்பைகள் வைப்பார்கள். ஒருமுறை அதில் ஒன்று தவறி மெஷினுக்குள் வந்து கிழிந்து, சாம்பல் கலந்த நீலத்தில் பொடிப்பொடியாய் எதையோ கொட்டியது. வார்டு நர்ஸிடம் கேட்டாள். "லாவெண்டர் பூ, காய வச்சது. எங்கேயோ தூரத்துல இருந்து வருது" என்றாள் நர்ஸ். வார லீவு நாளில் நர்சரிக்குப் போய்க் கேட்டபோது, அங்கிருந்தவர் அவளுடைய நிலத்தைப் பற்றி விசாரித்தார். கல்லு, சுண்ணாம்பு, சரிவு, நாள் முழுக்க வெயில், தண்ணி கிடையாது என்று இவள் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் சொல்லச் சொல்ல, அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அதுக்கு அதுதாம்மா வேணும்" என்றார். "முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் ஊத்துங்க. அப்புறம் கண்டுக்கவே கூடாது. தண்ணி தேங்கினா வேர் அழுகிப் போயிடும்."

பன்னிரண்டு செடியில் ஆரம்பித்தாள். கிளை நறுக்கி நட்டு நட்டு, ஐந்து வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு புதர்கள். சரிவு முழுக்க வரிசை வரிசையாக, மொத்தம் பதிமூன்று வரிசை. மொட்டு பாதி விரிந்ததும் பனி காய்ந்த பிறகு அறுத்துக் கட்டுகளாகத் தலைகீழாய்க் கொட்டகையில் தொங்கவிடுவாள். பூ முடிந்ததும் பச்சைத் தண்டோடு நிறுத்தி வெட்டுவாள். கட்டைக்குள் கத்தி போனால் செடி அவ்வளவுதான், அதை ஆறு செடிகளைக் கொன்று கற்றுக்கொண்டாள். இப்போது தனி வார்டு அலமாரிப் பைகளில் இருந்தது அவளுடைய பூ. அதை நினைக்கும்போதெல்லாம் தொட்டி அருகே நின்றபடியே கொஞ்சம் நிமிர்ந்துகொள்வாள்.

தம்பி முதலில் சிரித்தான். மூன்றாவது வருடம் சிரிப்பதை விட்டுவிட்டு எட்டுத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வேலி ஓரம் வைத்தான். மேலே லாவெண்டர், கீழே அவனுடைய வெள்ளரியும் பூசணியும், நடுவில் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன. அவன் தோட்டத்தில் காய்ப்பு கூடியது. "அக்கா, உன் கல்லுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்பான். அந்த இரண்டு வருடமும் அக்கா தம்பி ஒற்றுமையைப் பார்த்து யாராவது கண் வைத்திருக்க வேண்டும்.

தம்பி வீட்டில் ஒரே ஒரு குறை. அவன் பெண்டாட்டிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்து பதினோரு நாள் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

ப்ளீச்சக்காவின் புருஷன் நகரக் குடிநீர் வாரியத்தில் வால்வுக்காரர். முப்பத்தோரு வருடம், நீளமான இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், மூடியைத் தூக்கி, வால்வைத் திறந்து தண்ணீர் விட்டவர். எந்தத் தெருவில் எத்தனை சுற்று, எந்தத் தெருவில் ஐந்து நிமிடம் தாமதமானால் யார் சண்டைக்கு வருவார்கள், எல்லாம் விரல் நுனியில். பிறகு எல்லா வால்வையும் ஓர் அறையில் உட்கார்ந்து பொத்தான் அழுத்தித் திறக்கிறாற்போல் மாற்றினார்கள். ஓய்வுக்கு மூன்று வருடம் முன்னதாகவே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாவியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். காலை ஆறு மணிக்கு இவள் மூடி வைத்துவிட்டுப் போகும் தட்டு, மூன்று மணிக்குத் திரும்பும்போதும் மூடியபடியே இருக்கும். பேச்சு கொடுத்தால் "உம்" என்பார். டாக்டரிடம் போகலாமா என்றால் அதற்கும் "உம்", ஆனால் எழுந்திருக்க மாட்டார். இரண்டு மாதம் இப்படி ஓடியது. மனுஷன் இப்படியே போய்விடுவாரோ என்று அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை.

பிறகு ஒருநாள் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மனுஷன் பின்வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார், முழங்கால் வரை மண்.

"எங்கே போனீங்க?"

"மாப்ளை தோட்டத்துல கொஞ்சம் பைப் வேலை."

அன்று இரண்டு முறை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்வாரோ என்ற பயமும் இருந்தது. தினமும் போனார். நிறம் திரும்பியது. ஒருநாள் விசில்கூட அடித்தார்.

ஆறு வாரம் கழித்து, மொட்டு கட்டும் நேரத்தில், சரிவின் கடைசி வரிசை துவண்டது. தம்பியின் வேலியை ஒட்டிய வரிசை. இலை வெளிறி, தண்டு தலை தொங்கி, வெயிலில் வாடிய செடி மாதிரி நின்றது. அவள் சரளையை விரலால் தோண்டிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. மழையும் பெய்யவில்லை. நாலு நாளில் அடுத்த வரிசை. பத்து நாளில் அதற்கடுத்த இரண்டு. தினமும் மூன்று மணிக்குச் சீருடையைக்கூட மாற்றாமல் சரிவுக்கு ஓடுவாள். தினமும் கூடுதலாகச் சில செடிகள் தலை சாய்ந்திருக்கும்.

இரண்டு வருடம் முன்பு தம்பி வேலியோரம் களைக்கொல்லி அடித்தபோது காற்றில் பறந்து அவளுடைய மூன்று செடி கருகியது. மன்னிப்புக் கேட்டு, இனி அடிக்கவே மாட்டேன் என்றான். இப்போது அந்த ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. கீழ் வரிசையிலிருந்து மேலே ஏறுகிறதே, வேறென்ன? கல்லைக் கொடுத்து ஏமாற்றினோம் என்று பார்த்தால் இவள் கல்லிலேயே ஜெயித்துவிட்டாளே என்ற வயிற்றெரிச்சல்தான். ஒருமுறை இப்படி நினைக்க ஆரம்பித்தபிறகு எல்லாம் பொருந்தி வந்தது. சந்தேகத்துக்கு அது ஒன்றுதான் தெரியும், பொருத்திக் காட்ட.

ஒரு சனிக்கிழமை செத்த புதர் ஒன்றை வேரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். வேர் கறுத்திருந்தது, மருந்து வேர் வரை இறங்கிவிட்டது என்றே நினைத்தாள். தம்பி வெள்ளரிப் பந்தலில் நின்றான். அவன் பெண்டாட்டி காய் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். வால்வுக்காரரும் அங்கேதான், பைப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீதான்டா அடிச்சே" என்றாள்.

"என்னக்கா அடிச்சேன்?"

"மருந்து. மறுபடியும் மருந்து அடிச்சிருக்கே. கை நடுங்கலையாடா உனக்கு?"

"அம்மா சத்தியமா இல்லைக்கா."

"அம்மாவை ஏன்டா இழுக்கிறே? இந்தா, மோந்து பாரு. எனக்குத்தான் மூக்கு இல்லை, உனக்கு இருக்குல்ல? மோந்து பாத்துட்டுச் சொல்லு!"

புதரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகம் மாறியது. ஒரு கணம் அவளைத் தாண்டி, பின்னால் நின்ற வால்வுக்காரரைப் பார்த்தான். மாட்டிக்கொண்டவன் முழி என்று அவளுக்குத் தோன்றியது.

"இது மருந்து இல்லைக்கா" என்றான் மெதுவாக.

"அப்ப என்ன?"

அவன் மறுபடியும் மாமாவைப் பார்த்தான். அவர் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். அதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு தடவை கலைஞ்சுது. ஒண்ணு பொறந்து பதினோரு நாள்ல போச்சு. உன் வீட்ல ஏன் எதுவும் தங்கலைன்னு இப்பத்தான்டா புரியுது. அடுத்தவ வச்சதை அழிக்கிற கைக்கு எது தங்கும்?"

தம்பி பெண்டாட்டி கூடையைக் கீழே வைத்தாள். காய்கள் உருண்டுவிடாமல் ஒரு கையால் அணைத்து, நிதானமாக வைத்தாள். வீட்டுக்குள் போனாள். தம்பி புதரை வேலி மேல் சாய்த்துவிட்டு அவள் பின்னாலேயே போனான். வால்வுக்காரர் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம், தேனீக்கள் கூடு திரும்பியதும், தம்பி எட்டுப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டான். திரும்பத் தவறிய தேனீக்கள் சில, பெட்டி இருந்த இடத்தில் மூன்று நாள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். நல்லதுதான் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை.

வரிசைகள் ஒவ்வொன்றாகப் போயின. உச்சியில் மூன்று வரிசை மட்டும் தப்பித்தது. தனி வார்டு பைகளுக்கு மறுபடி தூரத்திலிருந்து பூ வந்தது. வால்வுக்காரர் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்தார். தன் இழப்புக்காக அவரும் வருந்துகிறார் என்று நினைத்து, அவளே அவருக்கு ஆறுதல் சொன்னாள். அக்கா தம்பிக்குள் பேச்சு இல்லை. அவன் எதிரே வந்தால் இவள் ஓரமாக ஒதுங்குவாள். ஏழு மாதம்.

புதிதாக நடுவதற்கு முன் செத்த கட்டைகளை எடுக்க வேண்டுமே என்று லீவு நாளில் கடப்பாரையோடு சரிவில் ஏறினாள். கீழ் வரிசையில் நாலாவது கட்டையை நெம்பியபோது கடப்பாரை எதிலோ வழுக்கியது. கல் இல்லை. கையால் விலக்கினாள். ஒரு அடி ஆழத்தில் கறுப்புப் பைப். அதில் சாண் விட்டுச் சாண் ஊசித் துளை. பைப்பைச் சுற்றி மெல்லிய மணல், அதன் மேல் சரளை. மேலே நின்று பார்த்தால் தோண்டிய தடமே தெரியாது. பள்ளத்தை வரிசையோடு வரிசையாகப் பிடித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு புதர் வரிசைக்கும் ஒரு கிளை. கிளை பிரியும் இடத்தில் மூட்டுக்குச் சணல் நூலை நெருக்கமாக, மேலிருந்து கீழே, மூன்று அடுக்கு சுற்றி முடிச்சு உள்ளே போட்டிருந்தது. அப்படிச் சுற்றுகிற கையை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக் குழாய் மூட்டு எல்லாமே அப்படித்தான் இருந்தன. பத்து வரிசையோடு பைப் முடிந்திருந்தது. தப்பித்த மூன்று வரிசைக்குப் போய்ச் சேரவில்லை.

கீழ் முனை தம்பியின் மோட்டார் கொட்டகைக்குப் போனது.

அங்கேயே சரளையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு மூட்டோடு பைப்பை அறுத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சுவருக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் வைத்தாள்.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்லலையா, தண்ணி ஆகாதுன்னு? நூறு தடவை சொல்லலையா?" என்றாள்.

"சொன்னே" என்றார். "வசதி இல்லாததுனால அப்படிச் சொல்லிக்கிறேன்னு நினைச்சேன். முப்பத்தோரு வருஷம் தண்ணி தண்ணின்னு கத்துறவங்களைத்தான் பாத்தேன். வேண்டாம்னு சொன்ன ஒரு ஆளை நான் பாத்ததில்லை. ரெண்டு மடங்கு பூ பூக்கட்டும், அப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னு மாப்ளைகிட்ட சொன்னேன். அவனும் சரின்னான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"மோட்டார் போட்டு விட்டதே அவன்தான். செடி அழுகும்னு அவனுக்கும் தெரியாது. நீ மோந்து பாருன்னு நீட்டினே பாரு, அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சுது. அழுகின நாத்தம் எனக்கே அடிச்சுது. அன்னைக்கே வால்வை மூடிட்டேன். மூடி என்ன பிரயோஜனம்?"

"ஏன் சொல்லலை? அங்கேயே நின்னீங்களே. ஏங்க சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீ அதுக்குள்ள அந்தக் குழந்தையை இழுத்துட்டே. அதுக்கப்புறம் நான்தான் பண்ணேன்னு சொன்னா, ஒரு தப்பும் பண்ணாதவனைப் போய் அந்த வார்த்தை சொன்னதா ஆகிடும். நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்."

"அவன் தாங்கினானே, ஏழு மாசம்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அந்தச் சாவியைப் பிடுங்கியவர்களை, பொத்தானைக் கண்டுபிடித்தவர்களை, இவரை, எல்லாரையும் சேர்த்து. ஆனால் கத்தினால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று பயந்தாள். தன் கோபத்தைக்கூட முழுசாகப் பட முடியவில்லையே என்று அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தப் பைப்பை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. தம்பி வாசலருகே நின்றான். அவள் கையில் இருந்த பைப்பைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"நீயாவது சொல்லியிருக்கலாமேடா."

"மாமா ரெண்டு மாசம் கழிச்சு எழுந்து வந்தாருக்கா" என்றான். "முதல் நாள் எங்கிட்ட மண்வெட்டி கேட்டப்ப அவர் கை எப்படி நடுங்குச்சு தெரியுமா? பள்ளம் தோண்டத் தோண்டத்தான் மனுஷனா ஆனாரு. அவரை எப்படிக்கா காட்டிக் கொடுக்கிறது? அவரா சொல்லுவார்னு பாத்தேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு நிமிடம், எல்லாம் சரியாகிவிடும் என்றே அவளுக்குத் தோன்றியது.

தம்பி பெண்டாட்டி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாள். நாற்காலியைக் காலால் நகர்த்திக் கொடுத்தாள். ப்ளீச்சக்கா உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல், பைப்பில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்மேல்தான், கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றாள். தம்பி நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டான்.

"செடி விஷயம் அன்னைக்கே விட்டுட்டேன் அண்ணி" என்றாள் அவள். "அஞ்சு வருஷ உழைப்பு, யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வரும். இவர் என்கிட்ட உண்மையைச் சொன்னப்ப உங்களை நினைச்சுப் பாவமாக்கூட இருந்துச்சு."

"அந்த வார்த்தையையும் விட்டுடும்மா. ஆத்திரத்துல வந்துடுச்சு."

கத்தி நின்றது.

"ஆத்திரத்துல வந்திருந்தா ஏதாவது கன்னாபின்னான்னு வந்திருக்கும். தடுமாறாம வந்துச்சே அண்ணி. ரெண்டு தடவை. ஒண்ணு. பதினோரு நாள். நாங்களே வீட்ல அந்த நாளைச் சொல்றதில்லை. உங்களுக்கு அது நாக்கு நுனியில இருந்துச்சு. கை சரியில்லைங்கிறதும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "வேற ஒண்ணும் நான் கேக்கலை. எத்தனை நாளா அப்படி நினைச்சுட்டிருந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

ப்ளீச்சக்கா வாயைத் திறந்தாள். இல்லவே இல்லை என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதினோராம் நாளுக்கு மறுநாள், சலவைப் பிரிவில் விரிப்பு மடித்துக்கொண்டே, பக்கத்தில் நின்றவளிடம் தான் என்ன சொன்னாள் என்பது முழுசாக ஞாபகம் வந்தது. நல்ல மண்ணெல்லாம் அவனுக்கே போச்சு, என்ன போய் என்ன, அந்த வீட்டில் எதுவும் தங்காது, கை அப்படி. அதைச் சொன்னபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்ததும் ஞாபகம் வந்தது.

"ஒன்பது வருஷமா" என்றாள்.

நிலைப்படியில் நின்ற தம்பி வெளியே போனான். அவன் பெண்டாட்டி தலையை ஆட்டினாள். "அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தாள். ப்ளீச்சக்கா நாற்காலியில் அப்படியே இருந்தாள். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.